36 வருடம் பழைய புகாரை எடைபோடுவது எப்படி: ஒரு கோர்ட் டைப்பிஸ்டின் நோட்டு

2018 செப்டம்பர் 27, வியாழக்கிழமை. மேரிலாந்து மாநிலத்தில் ராக்வில் என்ற ஊரில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். காலை பத்து மணிக்கு டிவியில் அமெரிக்க மேலவையான செனட்டின் நீதிக் குழு விசாரணை தொடங்கியது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் பெயர் முன்மொழியப்பட்ட பிரெட் கவனா, 1982 கோடையில் ஒரு வீட்டில் தன்னை அறைக்குள் தள்ளி, கட்டிலில் அழுத்தி, வாயைப் பொத்தினார் என்று கிறிஸ்டின் பிளேசி ஃபோர்டு சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு 15 வயது, கவனாவுக்கு 17. சாயங்காலம் கவனா வந்து எல்லாவற்றையும் அடியோடு மறுத்தார்.

பதினொரு மணிக்குள் மகள் கேட்டுவிட்டாள்: "அம்மா, நீங்க அவங்களை நம்புறீங்களா?"

"அவங்க முதல் விசாரணையே இன்னும் முடியலையேம்மா" என்றேன்.

தென் மாவட்டத்தில் ஒரு கோர்ட்டில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, கோர்ட் அலுவலகத்தைக் கவனிக்கும் சிரஸ்தாராக ஓய்வு பெற்றவள் நான். மற்றவர்கள் சொன்ன சாட்சியத்தை எழுத்தாக்குவதே என் வேலையாக இருந்தது. ஒருவர் சொல்வதைக் கேட்கும்போதே நம்பலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கக் கூடாது என்ற பழக்கம் கைவிரலில் ஊறியிருந்தது. மறுநாள் பேத்தியின் நோட்டு ஒன்றை வாங்கிக் கோடு போட்டேன். வேகமாகப் பேசிய இடங்களை மகள் சொன்னாள், அப்புறம் எழுத்து வடிவத்தை வாசித்துச் சரிபார்த்துக்கொண்டேன். அந்த நோட்டை எப்படிப் போட்டேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். எந்த நாட்டில், எந்தப் பதவிக்கு, எவ்வளவு பழைய புகார் வந்தாலும் இந்த வழி உதவும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

முதல் பக்கத்தில் புகாரைப் பற்றி ஒன்றும் எழுதாதீர்கள். எதைத் தீர்மானிக்கப் போகிறோம் என்று மட்டும் எழுதுங்கள். கொலை வழக்கில் ஒருவரைச் சிறைக்கு அனுப்ப, சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். சிவில் வழக்கில் எந்தப் பக்கம் சாத்தியம் கூடுதலோ அந்தப் பக்கம் தீர்ப்பு. அமெரிக்க உச்ச நீதிமன்றப் பதவி ஆயுள் முழுவதற்குமானது. கிடைக்காமல் போனால் அவர் பழைய வேலைக்குத் திரும்புவார், ஜெயிலுக்குப் போகப் போவதில்லை. அதே சமயம், பேர் கெடுவது சின்ன விஷயமும் இல்லை. இந்த இரண்டையும் வைத்து, எந்த அளவு உறுதி இருந்தால் "வேண்டாம்" என்பீர்கள் என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள். அக்டோபர் 5 அன்று செனட்டர் சூசன் காலின்ஸ் தன் நீண்ட உரையில், நடந்திருக்காது என்பதைவிட நடந்திருக்கும் என்பதற்குச் சாத்தியம் கூடுதலாக இருக்க வேண்டும் என்ற அளவை வைத்தார், அது எட்டப்படவில்லை என்று கவனாவுக்கு வாக்களித்தார். அவர் முடிவோடு ஒத்துப்போகாதவர்கள்கூட, அளவை வெளிப்படையாகச் சொன்ன அந்த ஒரு காரியத்தைப் பின்பற்றலாம். சாட்சியம் கேட்ட பிறகு அளவை வைத்தால், மனம் ஏற்கெனவே விரும்பிய பக்கம் கோடு நகர்ந்துவிடும்.

அடுத்து, ஒவ்வொரு புகாருக்கும் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். கவனா மேல் வந்தது ஒரே புகார் இல்லை. யேல் பல்கலைக்கழகத்தில் உடன் படித்த டெபோரா ராமிரெஸ் ஒன்று சொன்னார். வேறொரு வழக்கறிஞர் மூலம் இன்னொரு பெண்ணின் பிரமாணப் பத்திரம் வந்தது. படகில் நடந்ததாக ஒருவர் சொல்லிவிட்டுப் பிறகு தானே திரும்பப் பெற்றார். பெயரில்லாமல் வந்த ஒரு கடிதத்தை "நான்தான் எழுதினேன்" என்ற ஒரு பெண், பின்னால் அப்படி எழுதவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். கடைசி இரண்டும் விழுந்தபோது, "பாருங்க, எல்லாமே பொய்" என்றார்கள். அதற்கு முன்பு, "இத்தனை பேர் சொல்றாங்களே" என்று எண்ணிக்கையைக் காட்டியவர்களும் இருந்தார்கள். இரண்டும் ஒரே தப்பு. ஒரு சாட்சி பிறழ்ந்தால் அவர் பக்கத்தைத்தான் கிழிக்கலாம், பக்கத்து வழக்கின் கட்டை எடுத்துக் கிழிக்க முடியாது. ஃபோர்டின் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே போகிறேன்.

அந்தப் பக்கத்தில் தேதி வரிசை போடுங்கள். சம்பவம் எப்போது, முதலில் யாரிடம் வாய் திறந்தது எப்போது, பதவிக்குப் பெயர் வந்தது எப்போது. பழைய புகாரில் இதைவிடப் பயனுள்ள வேலை எனக்குத் தெரியாது. 2024 வரை இருந்த நம் பழைய இந்திய சாட்சியச் சட்டத்தின் 157-ஆம் பிரிவு ஒரு சாட்சி சம்பவத்தை ஒட்டிய காலத்தில் சொன்ன பழைய வாக்குமூலத்துக்கு இடம் கொடுத்ததும் இந்தக் காரணத்துக்காகத்தான். ஃபோர்டு 1982-ல் யாரிடமும் சொல்லவில்லை. 2012-ல், கணவரோடு போன ஆலோசனையில் சிகிச்சையாளரிடம் சொன்னார், குறிப்பு இருக்கிறது. 2018 ஜூலை 6 அன்று செய்தித்தாளுக்குத் தகவல் அனுப்பினார். ஜூலை 9 அன்றுதான் ட்ரம்ப் கவனா பெயரை அறிவித்தார். ஜூலை 30 தேதியிட்ட கடிதம் செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைனுக்குப் போனது. செப்டம்பர் 16 அன்று அவர் பெயரோடு செய்தி வந்தது.

இந்த வரிசை என்ன சொல்கிறது? பதவிக்காகவே 2018-ல் கட்டிய கதை என்பதை 2012 குறிப்பு பலவீனமாக்குகிறது. ஆனால் அந்தக் குறிப்பில் கவனா பெயர் இல்லை. பெயரை அப்போதே சொன்னார் என்பது கணவரின் கூற்று. குறிப்பில் நான்கு பையன்கள் என்று இருந்தது, அது சிகிச்சையாளர் தவறாக எழுதியது, அறைக்குள் இருந்தவர்கள் இருவர், வீட்டில் இருந்த பையன்கள்தான் நால்வர் என்றார் ஃபோர்டு. ஜூலை 6 செய்தியில் 80-களின் நடுப்பகுதி என்று இருந்தது, ஜூலை 30 கடிதத்தில் 80-களின் தொடக்கம் என்று இருந்தது. சாதகம் ஒரு கட்டம், பாதகம் ஒரு கட்டம் என்று இரண்டையும் எழுதுங்கள். பாதகத்தை எழுதக் கை கூசினால் அந்த இடத்தில்தான் நீங்கள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறீர்கள். எனக்கு "நான்கு பையன்கள்" என்று எழுதும்போது கை கூசியது.

தாமதத்தை மட்டும் தனியாக எடுத்துப் பாதகத்தில் போட வேண்டாம். 15 வயதுப் பெண், பெற்றோருக்குத் தெரியாமல் பீர் இருந்த இடத்துக்குப் போனவள், வீட்டில் என்ன சொல்லியிருப்பாள்? "நானா இருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்" என்று மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் சொன்னார். நாம் என்ன செய்திருப்போம் என்பது சாட்சியம் ஆகாது. 1991-ல் உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்ட கிளாரன்ஸ் தாமஸ் மேல் பாலியல் தொந்தரவுப் புகார் சொன்ன, அவரிடம் முன்பு வேலை பார்த்த அனிதா ஹில்லுக்கும் இதைத்தான் செய்தார்கள். தாமஸ் கல்வித் துறையிலிருந்து சம வேலைவாய்ப்பு ஆணையத்துக்குப் போனபோது ஹில்லும் கூடவே போனாரே, பிறகு போன் செய்தாரே என்று கேட்டார்கள். தாமஸின் தகாத பேச்சு அப்போது நின்றுபோயிருந்தது, கல்வித் துறையையே மூடப் போவதாகச் சொன்னார்கள் என்று ஹில் காரணம் சொன்னார். காரணம் நம்பும்படி இருக்கிறதா என்று பாருங்கள், அதோடு நிறுத்துங்கள். ஹில் பக்கத்தில் என்னை நிறுத்தியது வேறு. தாமஸ் பெயர் முன்மொழியப்படுவதற்குப் பல வருடம் முன்பே ஹில் தங்களிடம் சொன்னார் என்று நான்கு பேர் குழு முன்னால் வந்து சாட்சி சொன்னார்கள். ஃபோர்டின் பக்கத்தில் அந்தக் கட்டம் அவ்வளவு நிறையவில்லை.

ஞாபகம் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். எல்லாரும் அவசரப்படுகிற இடம் இது.

எனக்குப் பதினோரு வயதில், குறுக்குத்துறையில் என் தம்பி ஆற்றில் முங்கப் பார்த்தான். தாமிரபரணியில் தண்ணீர் நிறைய ஓடியது. அவன் காலில் கிடந்த வெள்ளித் தண்டை தண்ணீருக்குள் ஒருமுறை மின்னியதை இப்போதும் பார்க்கிறேன். யாரோ அவனைத் தூக்கிப் படியில் போட்டார்கள், மூக்கிலிருந்து தண்ணீர் வந்தது, படியில் சோப்பு வழுக்கியது. அன்றைக்கு என்ன கிழமை, எப்படி வீடு போய்ச் சேர்ந்தோம், அம்மா அடித்தாளா அழுதாளா, ஒன்றும் தெரியாது. தூக்கியது சின்ன மாமா. இதை நாற்பது வருடம் சொல்லி வந்தேன். தம்பி மகள் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து இதைச் சொன்னபோது, சின்ன மாமாவே நிமிர்ந்து பார்த்தார். "நான் அப்போ ஊர்லயே இல்லையேம்மா. பம்பாய்ல வேலை பாத்துக்கிட்டு இருந்தேன்." பெரியம்மாவைக் கேட்டால், துணி துவைக்க வந்திருந்த யாரோ ஒருத்தர் குதித்துத் தூக்கினாராம். அடுத்த வருடம் அதே படித்துறையில் மாமா எங்களுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தார். அந்தக் கை இந்தக் கையோடு சேர்ந்துகொண்டது.

அந்த ஞாபகத்தில் தண்டை சரி, படி சரி, சோப்பு சரி. ஆள் மட்டும் மாறிவிட்டார். நான் பொய் சொல்லவே இல்லை, நூறு சதவீதம் உறுதியாக இருந்தேன்.

ஃபோர்டும் விசாரணையில் நூறு சதவீதம் என்றார். அந்தச் சொல்லை அவர் உண்மையாக நம்புகிறார் என்பதற்கான கட்டத்தில் போட்டேன். ஆள் சரியா என்பதற்கு வேறு கேள்விகள் தேவை. முன்பே தெரிந்த ஆளா? எவ்வளவு நேரம், எவ்வளவு பக்கத்தில் பார்த்தார்? பின்னால் வேறொருவர் அந்த இடத்தில் வந்து உட்காரக் காரணம் இருக்கிறதா? என் ஆற்றில் தூக்கியவர் முன்பின் தெரியாதவர், ஒரு நிமிடக் குழப்பம். ஃபோர்டோ, இரண்டு பையன்களையும் முன்பே தெரியும் என்றார், மூடிய அறை என்றார், அறையில் உடன் இருந்த, கவனாவின் நண்பன் மார்க் ஜட்ஜை ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் பொடோமாக் சேஃப்வே கடையில் திரும்பப் பார்த்தேன், அவன் முகம் வெளுத்துப்போனது என்றார். ஆள் மாறாட்டத்துக்கான சாத்தியம் என் கதையைவிட இங்கே குறைவு என்று எழுதிக்கொண்டேன். குறைவு என்றுதான் எழுதினேன், இல்லை என்று எழுதவில்லை.

தேதி, வீடு, யார் காரில் கொண்டுபோய் விட்டார் என்பதெல்லாம் அவருக்கு நினைவில்லை. குழுவின் குடியரசுக் கட்சியினர் அமர்த்திய அரிசோனா அரசு வழக்கறிஞர் ரேச்சல் மிட்செல், தன் அறிக்கையில் இவற்றைப் பெரிய ஓட்டைகளாகக் காட்டினார். என் தம்பி விஷயத்தில் எனக்கும் இதே மாதிரிதான் ஓரங்கள் உதிர்ந்துபோயின, அதனால் இதை நான் பெரிதாகக் கழிக்கவில்லை. ஆனால் "அதிர்ச்சியில் இப்படித்தான் மறக்கும், ஆகவே இது உண்மை" என்று கூட்டவும் கூடாது. மறதி எந்தப் பக்கத்துக்கும் எடை சேர்க்காது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது: தேதியும் வீடும் இல்லாத புகாருக்கு எதிராக, "அன்னைக்கு நான் அங்க இல்லை" என்று யாராலும் நிரூபிக்க முடியாது. என் சின்ன மாமாவுக்கு பம்பாய் இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு அந்த வழி அடைபட்டிருப்பதை அவர் பக்கத்தில் எழுதுங்கள்.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். சேர்ந்த புதிதில், ஒரு அடிதடி வழக்கில் சாட்சி "பார்த்ததாக ஞாபகம் இல்லை" என்றார். நான் அவசரத்தில் "பார்க்கவில்லை" என்று அடித்துவிட்டேன். மூன்று நகல், இரண்டு கார்பன். கையெழுத்துப் போடுவதற்கு முன் நீதிபதி ஐயா வாசித்தார், பேனாவைக் கீழே வைத்தார். "ஒரு வார்த்தையில சாட்சியையே மாத்திட்டீங்களேம்மா" என்றார். முழுப் பக்கத்தையும் திரும்ப அடித்தேன். அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை அந்தத் தப்பைச் செய்யவில்லை. நம் கோர்ட்டில் மறுப்புக்கு ஒரு தனி வாக்கியமே உண்டு: "நான் அன்று அங்கே இருந்தேன் என்று சொன்னால் அது சரியல்ல." ஞாபகமின்மையை யாரும் அந்த வாக்கியத்தில் அடிக்க மாட்டார்கள்.

அதனால்தான், ஃபோர்டு பெயர் சொன்னவர்களே இதைப் பொய்யென்று காட்டிவிட்டார்கள் என்று கவனா திரும்பத் திரும்பச் சொன்னபோது நான் டிவியைப் பார்த்து "இல்லையே" என்று சத்தமாகச் சொன்னேன். அவர்கள் சொன்னதைத் தனித்தனியாக எழுதிப் பாருங்கள். ஃபோர்டின் தோழி, கவனாவைத் தனக்குத் தெரியாது, அவர் இருந்த விருந்து எதற்கும் போனதாக நினைவில்லை என்றார். ஆனாலும் ஃபோர்டை நம்புவதாகச் சொன்னார். அடுத்த வருடம், அந்தக் கதையில் தனக்கு நம்பிக்கை இல்லை என்று பத்திரிகையாளர்களிடம் சொன்னார். மார்க் ஜட்ஜ் சொன்னது இரண்டு வாக்கியம்: சம்பவம் நினைவில் இல்லை என்பது ஒன்று, பிரெட் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை என்பது இன்னொன்று. முதலாவது மறதி, இரண்டாவது மறுப்பு. தனித் தனிக் கட்டம். அதே நியாயத்தில், தோழிக்கு நினைவில்லை என்பதை ஒன்றுமே இல்லாததாக ஆக்கவும் கூடாது. அந்த இரவு தோழிக்குச் சாதாரண இரவு, மறந்திருக்கலாம். இருந்தாலும் ஃபோர்டு பக்கம் நிற்க வேண்டிய ஒரு சாட்சி நிற்கவில்லை, அது பாதகம்தான்.

மறுப்பவரையும் அதே சல்லடையில் சலிக்க வேண்டும். கவனா 1982 கோடைக் காலண்டர்களைக் கொண்டுவந்தார். பதினேழு வயதில் எழுதிய காகிதம், வழக்குக்காகத் தயாரித்தது இல்லை, ஆகவே மதிப்பு உண்டு. ஜூலை 1 வியாழக்கிழமை ஒரு நண்பர் வீட்டுக்குப் போவதாக எழுதியிருக்கிறார், ஃபோர்டு சொன்ன பையன்களில் மார்க் ஜட்ஜ் உட்பட இரண்டு பேர் அந்த வரியில் இருக்கிறார்கள். அது புகாரை நிரூபிக்காது. இப்படிப்பட்ட கூட்டமே நடக்கவில்லை என்பதற்கும் உதவாது. அப்புறம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் சட்டப்படியே குடிக்கலாம் என்ற மாதிரி பேசினார். மேரிலாந்தில் அந்த வயது வரம்பு 1982 ஜூலை 1 அன்று 21 ஆகிவிட்டது, அவருக்கு 18 ஆனது 1983 பிப்ரவரியில். அவரைப் பொறுத்தவரை அந்தப் பேச்சு சரியல்ல. இதை, பேச்சில் எவ்வளவு கவனம் என்ற கட்டத்தில் சின்னதாகப் போட்டேன். பீர் பற்றித் தவறாகச் சொன்னவர் அதையும் செய்திருப்பார் என்று தாண்டக் கூடாது.

நோட்டில் எழுதவே வேண்டாம் என்று நான் ஒதுக்கியவை சில. ஃபோர்டின் குரல் நடுங்கியதும், கவனா கோபப்பட்டு அழுததும். கூண்டில் ஏறினால் நிரபராதிக்கும் கை நடுங்கும், கைதேர்ந்தவனுக்கு நடுங்காது, இரண்டையும் பார்த்திருக்கிறேன். பொய் கண்டறியும் கருவியில் ஃபோர்டு தேறியது. கவனா நல்லவர் என்று பள்ளிக் காலத்தில் பழகிய 65 பெண்கள் கையெழுத்திட்ட கடிதம். அவர்களிடம் அவர் ஒழுங்காக நடந்தது உண்மையாகவே இருக்கும், மூடிய அறையில் நடந்ததாகச் சொல்வதைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்? ஃபோர்டுக்கு ஆதரவாக வந்த கையெழுத்துக் கடிதங்களுக்கும் இதேதான். யார் எந்தக் கட்சிக்குப் பணம் கொடுத்தார் என்பதும் வேண்டாம்.

ஒரு கட்டம் மட்டும் கட்டாயம் வேண்டும்: விசாரிக்கப்படாதவர்கள். 1991-ல் தாமஸிடம் வேலை பார்த்த ஏஞ்சலா ரைட் சாட்சி சொல்லத் தயாராக வாஷிங்டனில் இருந்தார். குழு அவரை நேரில் அழைக்கவில்லை, பேட்டியைக் கோப்பில் சேர்த்ததோடு சரி. 52-க்கு 48 என்று தாமஸ் உறுதி செய்யப்பட்டார். 2018-ல் செனட்டர் ஜெஃப் ஃப்ளேக் வற்புறுத்தியதால் எஃப்.பி.ஐ. ஒரு வாரம் கூடுதலாக விசாரித்தது. பத்துப் பேரைப் பேட்டி எடுத்தார்கள், ஃபோர்டும் கவனாவும் அதில் இல்லை. அக்டோபர் 6 அன்று 50-க்கு 48 என்று கவனாவும் உறுதி செய்யப்பட்டார். விசாரணை நடந்துவிட்டது, ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்வதற்கு முன், எதைத் தேடினார்கள் என்று பாருங்கள். காலியான கட்டத்தை நீங்களாக நிரப்பாதீர்கள், இரண்டு பக்கத்துக்கும்தான் சொல்கிறேன்.

எல்லாம் எழுதிய பிறகு கட்சியை மாற்றிப் பாருங்கள். ஜனநாயகக் கட்சிக்காரரான பில் கிளின்டன் 1978-ல் தன்னைப் பலாத்காரம் செய்தார் என்று ஹுவானிடா பிராடரிக் 1999-ல் வெளிப்படையாகச் சொன்னார், கிளின்டன் தரப்பு மறுத்தது. கவனா விஷயத்தில் நீங்கள் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தையும் அங்கே வைத்து வாசியுங்கள். மகளும் நானும் ஒரு இரவு முழுக்க உட்கார்ந்து இதைச் செய்தோம். அவள் இரண்டு வரிகளை அடித்துவிட்டு மாற்றி எழுதினாள், நான் ஒன்றை.

மாப்பிள்ளை தனியாக அவர் பங்குக்கு ஒரு நோட்டுப் போட்டார். மூன்றையும் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்த்தோம். அந்தக் கோடையில் ஃபோர்டுக்கு ஏதோ கொடுமை நடந்தது, அவர் கதை கட்டவில்லை என்ற வரியில் மூவரும் ஒன்றாகவே எழுதியிருந்தோம். ஆள் கவனாதான் என்ற வரியில் மகள் "ஆம்" என்றும், மாப்பிள்ளை "தெரியவில்லை" என்றும் போட்டிருந்தார்கள். நான் "சாத்தியம் கூடுதல், ஆனால் விசாரணை முடியவில்லை" என்று எழுதியிருந்தேன். ஆயுள் முழுவதற்குமான பதவிக்கு முடிக்காத விசாரணையோடு ஒருவரை அனுப்பக் கூடாது, இன்னும் சில வாரம் எடுத்திருக்க வேண்டும் என்பதுதான் அன்றும் இன்றும் என் கருத்து. அது அவருக்கும் நல்லது, அந்த அம்மாவுக்கும் நல்லது.

நான் ஊர் திரும்புவதற்கு முன் மகள் ஒருநாள் பொடோமாக் பக்கம் காரில் கூட்டிப்போனாள். பால் வாங்க சேஃப்வேயில் நிறுத்தினாள். மார்க் ஜட்ஜ் அங்கே எந்த மாதம் வேலை பார்த்தார் என்று யாராவது கண்டுபிடித்துக் கொடுத்தால், சம்பவம் எப்போது என்று தன்னால் இன்னும் நெருக்கமாகச் சொல்ல முடியும் என்று ஃபோர்டு அந்த விசாரணையிலேயே கேட்டிருந்தார். என் நோட்டில் அதற்கு ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.